ஒரே போர், ஒரே பிஸ்டன், இரண்டு ரன்னிங் இன்: ஆயில் குடித்த ஓர் அம்பாசடர்

பொள்ளாச்சிப் பக்கம் என் மாமா வைத்திருக்கும் 1984 மாடல் அம்பாசடர் மார்க் 4 பற்றியது இது. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். முழு இன்ஜின் வேலை முடிந்து வந்த வண்டி, வந்த நாளிலிருந்தே ஆயில் குடித்தது. ஓட ஓடச் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள், ஆகவில்லை. கடைசியில் இன்ஜினைத் திரும்ப இறக்கி, அதே பிஸ்டனையும் அதே கிராங்கையும் வைத்துக்கொண்டு, போரை, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் துளையை, மறுபடி ஹோனிங் செய்து (உள்சுவரைக் கல்லால் தேய்த்துக் குறுக்குக் கோடு போட்டு), பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கை மாற்றி, முதல் தடவைக்கு நேர் எதிராக ஓட்டிப் பழக்கியதும் நின்றது. ஒரே இன்ஜினுக்கு இரண்டு விதமாக ரன்னிங் இன், அதாவது புது இன்ஜினை ஓட்டிப் பழக்குவது, நடந்து, நடுவில் பிரித்து உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று பார்க்கவும் முடிவது அடிக்கடி கிடைக்காது. அதனால் அளவுகளோடு எழுதி வைக்கிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். புது இன்ஜினை மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக்கூடாது என்று நம் ஊரில் தலைமுறையாகச் சொல்லிவரும் அறிவுரை, ரிங் போரோடு பொருந்தி செட் ஆகும் விஷயத்தில் இன்ஜினைக் காப்பாற்றுவதில்லை, கெடுக்கிறது.

வண்டியும் முதல் வேலையும்

அம்பாசடரின் இந்த 1489 இன்ஜின் பிரிட்டனின் பிஎம்சி நிறுவனம் பல கார்களில் போட்ட பி சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. போர் 73.025 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 88.9. பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு, மெயின் பேரிங் மூன்றுதான், கேம்ஷாஃப்ட் பிளாக்குக்குள்ளே பக்கவாட்டில் இருந்து தன் மேடுகளால் தட்டை டாப்பெட்டையும் புஷ்ராடையும் தள்ளி வால்வைத் திறக்கும். கடினமான, மெதுவான, பொறுமையான இன்ஜின். உத்தரபாராவில் 2014-ல் அம்பாசடர் தயாரிப்பே நின்றுபோனாலும் இதற்கு இன்னும் சாமான் கிடைக்கிறது, வேலை தெரிந்த கைகளும் இருக்கின்றன. அதனால்தான் மாமா வண்டியை விற்காமல் வேலை செய்யக் கொடுத்தார்.

முதல் தடவை செய்த வேலையில் பெரிய குறை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. போர் தேய்ந்திருந்ததால் 40 சைஸுக்கு (அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு கூடுதல்), அதாவது 74.04 மில்லிமீட்டருக்கு, ஏற்றிப் புது பிஸ்டன், புது ரிங் போட்டார்கள். கிராங்க் 10 சைஸுக்குக் கிரைண்டிங், புது பேரிங். வால்வு சீட் வெட்டி லேப்பிங். கேம்ஷாஃப்ட்டும் டாப்பெட்டும் பழசே.

பூட்டி முடித்ததும் பட்டறை வழக்கப்படி நிழலில் நிறுத்தி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பகல் முழுக்க ஐடிலில் ஓடவிட்டார்கள். அதன் பிறகு 1500 கிலோமீட்டர் வரைக்கும் 40-ஐத் தாண்டக் கூடாது என்று சொல்லி வண்டியைக் கொடுத்தார்கள். மாமா ஒரு வார்த்தை மீறாத ஆள், டாப் கியரில் 40-லேயே சீராக ஓட்டினார், ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதிக்கவே இல்லை. பெங்களூரில் இருக்கும் அவர் மகன், அப்பாவின் வண்டிக்கு நல்லதாகப் போட வேண்டும் என்று விலை உயர்ந்த முழு சிந்தெடிக் ஆயில் வாங்கி அனுப்பியிருந்தான், முதல் நாளே அதுதான் ஊற்றப்பட்டது. எல்லாமே அக்கறையோடு செய்ததுதான்.

என்ன கோளாறு

2000 கிலோமீட்டர் தாண்டியும் சுமார் 600 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் போனது. மேட்டில் ஏறும்போது பின்னால் நீலப் புகை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் பேக் கம்ப்ரெஷன், அதாவது ரிங்கைத் தாண்டிக் கீழே கசிந்த வாயு, புஸ் புஸ்ஸென்று அடித்தது.

இந்த இன்ஜினில் ஆயில் கணக்குப் பார்க்கும்போது ஒரு விஷயத்தைக் கழித்துவிட வேண்டும். கிராங்கின் பின்பக்கம் இப்போதைய வண்டிகள் மாதிரி ரப்பர் சீல் கிடையாது. திருகுமரை மாதிரி ஒரு பள்ளம்தான் ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளும், நின்ற இடத்தில் சொட்டுவது இதன் குணம். அடியில் அட்டை விரித்துப் பார்த்தோம். காலையில் சில சொட்டு இருந்தது, அவ்வளவுதான். ஆக ஒரு லிட்டர் ஆயில் கீழே ஒழுகவில்லை, எரிந்துதான் போகிறது.

கம்ப்ரெஷன் கேஜ் போட்டுப் பார்த்ததில் இன்ஜின் சூட்டில் நான்கு சிலிண்டரும் 85 முதல் 95 பிஎஸ்ஐக்குள். ஒவ்வொரு ஸ்பார்க் பிளக் ஓட்டையிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்பப் பார்த்தால் 120-ஐத் தாண்டியது. வால்வு ஒழுகினால் ஆயில் விட்டும் ஏறாது. இப்படி ஏறினால் ரிங் பக்கம்தான் கை நீட்டும். இரண்டாயிரம் கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய புது ரிங்.

பிரித்தபோது

ரிங் உடைந்திருக்கும், தப்பாக மாட்டியிருப்பார்கள், இல்லையென்றால் போர் அளவு தவறாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் இறக்கினோம். எதுவும் இல்லை. போர் கேஜ் வைத்து மேலே, நடுவில், கீழே என்று ஒவ்வொரு சிலிண்டரிலும் அளந்ததில் தேய்மானம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. ரிங்கைப் போருக்குள் இறக்கி, அதன் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள வாய் இடைவெளியைப் பார்த்தால் 0.33 மில்லிமீட்டர். போர் விட்டத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் நாலு தவ் (தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்ற பட்டறைக் கணக்குப்படி புது ரிங்குக்கே 0.30 வர வேண்டும். ரிங்கின் முகம் 0.01 மில்லிமீட்டர் தேய்ந்தாலே வாய் 0.06 மில்லிமீட்டருக்கு மேல் விரியும், ஏனென்றால் சுற்றளவு விட்டத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஆக இந்த ரிங் கிட்டத்தட்டத் தேயவே இல்லை. கோளாறே அதுதான் என்பது அப்புறம்தான் புரிந்தது.

பிஸ்டனின் மேல் ரிங்குகளை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தால் முகம் முழுக்கப் பளபளப்பு இல்லை. சில இடத்தில் மெல்லிய கோடாக மின்னுகிறது, மற்ற இடத்தில் கறுப்பு. மின்னும் இடம் மட்டும்தான் போரைத் தொட்டிருக்கிறது. கறுத்த இடம் வழியாக எரிந்த வாயு கீழே போயிருக்கிறது.

போர் சுவர் இன்னும் தெளிவாகப் பேசியது. ஹோனிங் போட்ட குறுக்குக் கோடுகள் கண்ணுக்குத் தெரிகின்றன, ஆனால் அவற்றின் மேல் பழுப்பு மஞ்சளாக ஒரு மினுமினுப்பு, விரல் வைத்தால் வழுக்குகிறது. நகத்தால் குறுக்கே இழுத்தால் ஹோனிங் போட்ட போரில் கிடைக்க வேண்டிய அந்த லேசான கரகரப்பு இல்லை. இதைத்தான் போர் கிளேஸ் ஆகிவிட்டது என்கிறோம். கோடுகளின் பள்ளத்தில் ஆயில் தங்கிச் சூட்டில் வெந்து வார்னிஷ் மாதிரி படிந்து கெட்டியாகிவிட்டது.

கேம்ஷாஃப்ட்டைப் பார்த்ததும் பட்டறை அண்ணன் தலையை ஆட்டினார். எட்டு மேட்டில் ஒன்றின் உச்சி மழுங்கியிருந்தது, அதன் டாப்பெட் அடிப்பாகம் நடுவில் குழிந்துபோயிருந்தது. மெயின் பேரிங்கும் பிக் எண்ட் பேரிங்கும் அழகாக ஒரே சாம்பல் நிறத்தில், கீறல் இல்லாமல் இருந்தன. பிளாஸ்டிகேஜ் என்ற மெல்லிய பிளாஸ்டிக் இழையை வைத்து நசுக்கிப் பார்த்த இடைவெளியும் மேனுவல் வரம்புக்குள்தான். அதனால் கிராங்கையும் பேரிங்கையும் தொடவே இல்லை.

ரிங் எப்படி செட் ஆகிறது

ரிங் தன் ஸ்பிரிங் விசையால் போரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். அந்த விசை ரொம்பக் கொஞ்சம், ரிங்கை இடத்தில் வைத்திருக்கப் போதும், அவ்வளவே. உண்மையில் ரிங்கை வெளியே தள்ளிப் போரோடு அழுத்துவது எரியும் வாயு. அது பிஸ்டனுக்கும் போருக்கும் இடையிலுள்ள சந்தில் இறங்கி, ரிங்கின் மேல்பக்கத்திலும் முதுகுப்பக்கத்திலும் நுழைந்து, பின்னாலிருந்து தள்ளுகிறது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோமோ அவ்வளவு வாயு, அவ்வளவு அழுத்தம். ஐடிலிலும், டாப் கியரில் 40-ல் சும்மா உருட்டும்போதும் சிலிண்டருக்குள் போகும் கலவையே கொஞ்சம்தான். அப்போது ரிங்கின் பின்னால் தள்ளும் அழுத்தம் முழு இழுவையில் கிடைப்பதில் சிறு பங்குதான் இருக்கும்.

ஹோனிங் போட்ட சுவரை நுண்ணோக்கியில் பார்த்தால் மலையும் பள்ளமுமாகத்தான் இருக்கும். புது ரிங்கின் முகமும் அப்படியே. இந்த இரண்டும் ஒன்றை ஒன்று தேய்த்து, கூர் முனைகள் மட்டும் மழுங்கி, பள்ளங்கள் ஆயில் பிடிக்க அப்படியே மிஞ்ச வேண்டும். ரிங் செட் ஆவது என்பது இதுதான், அது ஒரு கட்டுப்பாடான தேய்மானம். தேய வேண்டிய அந்தக் கொஞ்ச நேரத்தில் போதுமான அழுத்தம் இல்லாவிட்டால் ரிங் ஆயில் படலத்தின் மேலேயே மிதந்துகொண்டிருக்கும், கூர் முனைகள் அப்படியே நிற்கும், இடுக்கு வழியாகச் சூடான வாயு கீழே பாய்ந்து சுவரில் உள்ள ஆயிலைச் சுட்டு வார்னிஷாக்கும். அந்தப் படிவம் பள்ளத்தை மூடிவிட்டால் அதற்குப் பிறகு எவ்வளவு மிதித்தும் பலன் குறைவு. கூர் முனையே வெளியே இல்லாதபோது ரிங் எதில் தேயும்? அதனால்தான் 2000 கிலோமீட்டருக்குப் பிறகு மாமா தைரியம் வந்து 80-ல் ஓட்டியும் எதுவும் மாறவில்லை.

இதோடு சிந்தெடிக் ஆயிலும் சேர்ந்தது. உராய்வைக் குறைப்பதில் அது நல்லது, ஓடிப் பழகிய இன்ஜினுக்கு நான் எதிர்ப்பே சொல்ல மாட்டேன். ஆனால் தேய வேண்டிய நாளில் தேயவிடாத ஆயில் உதவாது. சிறு விமானங்களுக்கு இன்ஜின் செய்யும் லைகாமிங் நிறுவனம் இதைத் தன் சர்வீஸ் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது: புது இன்ஜினுக்கும் ஓவர்ஹால் செய்த இன்ஜினுக்கும் முதல் 50 மணி நேரம், அல்லது ஆயில் செலவு ஒரு நிலைக்கு வரும் வரை, சேர்மானம் இல்லாத மினரல் ஆயில். பறக்கும்போது சக்தியைக் குறைக்காமல் 65 முதல் 75 சதவீதத்தில் வைத்து ஓட்டச் சொல்வதும் அவர்கள்தான். வானத்தில் இன்ஜின் நின்றால் ஓரங்கட்ட முடியாது, அப்படிப்பட்ட இடத்திலேயே மெதுவாக ஓட்டுங்கள் என்று சொல்லவில்லை என்பதை மாமாவிடம் எடுத்துச் சொன்னபோதுதான் அவர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரிலும் இதே நோய் உண்டு. பெரிய செட்டை வாங்கி வைத்துவிட்டு நாலு டியூப் லைட்டுக்கும் இரண்டு ஃபேனுக்கும் மட்டும் ஓட்டினால், கொஞ்ச நாளில் சைலன்ஸரில் கறுப்பு எண்ணெய் வழியும், போர் கிளேஸ் ஆகும். டீசல் செட்டைக் குறைந்தது 30 சதவீத லோடாவது கொடுத்து ஓட்டச் சொல்வது இதனால்தான்.

அப்படியென்றால் பழைய ஆட்கள் எல்லோரும் தப்பாகவா சொன்னார்கள்? இல்லை. கையால் சுரண்டிப் பொருத்திய பேரிங், ஒன்றுக்கொன்று அளவு மாறும் பிஸ்டன், வடிகட்டும் திறன் குறைந்த ஃபில்டர் இருந்த காலத்தில் வேகத்தைக் குறைத்ததற்குக் காரணம் இருந்தது. ஆனால் அந்தக் கால மேனுவல்கள் வேகத்தோடு இன்னொன்றும் சொல்லும்: டாப் கியரில் இன்ஜினைத் திணறவிடாதே, கியரைக் குறைத்துக்கொள். நம் ஊரில் வேகம் மட்டும் நினைவில் நின்றது, மற்றது உதிர்ந்துபோனது. பின் கண்ணாடியில் ரன்னிங் இன் என்று எழுதி ஒட்டிக்கொண்டு டாப் கியரில் 40-ல் போன எத்தனை வண்டிகளைப் பார்த்திருக்கிறோம்.

இரண்டாவது தடவை

பிஸ்டன் அளவும் போர் அளவும் வரம்புக்குள் இருந்ததால் அடுத்த சைஸுக்குப் போகவில்லை. கோவையில் ஒரு லேத்தில் 280 கிரிட் கல் போட்டு, வார்னிஷ் போகும் அளவுக்கு மட்டும் ஹோனிங். கோடுகள் ஒன்றை ஒன்று சுமார் 45 டிகிரியில் வெட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். கல்லை மேலும் கீழும் மெதுவாக ஏற்றி இறக்கினால் கோடு படுத்துவிடும், ரொம்ப வேகமாகச் செய்தால் நிமிர்ந்துவிடும். படுத்த கோட்டில் ஆயில் அளவுக்கு மீறித் தங்கும், நிமிர்ந்த கோட்டில் நிற்காமல் வழிந்துவிடும். ரிங் சாதாரண வார்ப்பிரும்பு செட்.

அடுத்தது கழுவுவது. என்னைக் கேட்டால் இந்த வேலை முழுவதிலும் அதிகமாக அலட்சியப்படுத்தப்படுவது இதுதான். ஹோனிங் கல்லின் பொடி போர் சுவரின் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும். மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல் எதில் கழுவினாலும் மேலே உள்ள எண்ணெய்ப் பசை போகுமே தவிர அந்தப் பொடி அசையாது, பார்க்க மட்டும் சுத்தமாகத் தெரியும். கொதிக்கும் அளவு வெந்நீர், துணி சோப்புத்தூள், கெட்டியான நைலான் பிரஷ். தேய்த்துக் கழுவி, உடனே துடைத்து, ஆயில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி சாம்பல் நிறமாகும், திரும்பக் கழுவ வேண்டும். துணி வெள்ளையாகவே வெளியே வரும் வரை இதே வேலை. கழுவி ஒரு நிமிஷம் விட்டாலே வார்ப்பிரும்பு துருப்பிடிக்கும், அதனால் ஆயில் தடவ ஆள் பக்கத்திலேயே நின்றார்.

மழுங்கிய கேம்ஷாஃப்ட்டை மாற்றியதால் எட்டு டாப்பெட்டும் புதிது. பழைய டாப்பெட்டைப் புது மேட்டில் வைத்தால் இரண்டும் சீக்கிரம் போய்விடும். டாப்பெட்டின் அடி பார்க்கத் தட்டையாக இருந்தாலும் அதில் மிக லேசான குவிவு இருக்கும், கேம் மேட்டிலும் லேசான சரிவு இருக்கும். அதனால்தான் ஓடும்போது டாப்பெட் தானே சுழன்று தேய்மானத்தைச் சுற்றிலும் பகிர்ந்துகொள்கிறது. அடியில் மாலிப்டினம் பேஸ்ட் தாராளமாகப் பூசினோம். ரிங்கிலும் போரிலும் மட்டும் பேஸ்ட் எதுவும் கிடையாது, லேசாக மினரல் ஆயில் தடவியதோடு சரி.

ஆயில் 20டபிள்யூ40 மினரல், டீசல் வண்டிக்கும் ஏற்றது என்று போட்டிருப்பது. காரணம் துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த தேய்மானத் தடுப்புச் சேர்மானம், இங்கே தட்டை டாப்பெட்டின் உயிரே அதுதான். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பாஸ்பரஸ் கெடுக்கும் என்பதால், 2004-ல் வந்த ஏபிஐ எஸ்எம் என்ற ஆயில் தரத்தில் மெல்லிய கிரேடு ஆயில்களுக்குப் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். புது வண்டிக்கு அது சரி. 1489 மாதிரி பழைய இன்ஜினுக்குப் புது டாப்பெட் போடும் நாளில் அந்த மெல்லிய ஆயில்களைத் தேடிப் போக வேண்டாம்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் ஆயில் பம்பை நனைத்துத்தான் பூட்டியிருந்தோம். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டு, ஹேண்டில் போட்டுச் சுற்றி, அப்புறம் ஸ்டார்ட்டரில் விட்டு விட்டு அடித்து, ஆயில் பிரஷர் கேஜில் முள் எழும் வரை காத்திருந்தோம். மெதுவாக ஓட்டினால் பேரிங் பிழைக்கும் என்று நம்புகிறவர்கள் இந்தக் கட்டத்தை விட்டுவிடுகிறார்கள். பேரிங்கைக் காப்பது ஆயில் படலம்தான், அது முதல் சுற்றிலேயே இருக்க வேண்டும், பிறகு 40-ல் ஓட்டியதால் வந்துவிடாது.

டைமிங்கை நின்ற நிலையிலேயே சரியாக வைத்து, கார்புரேட்டர் தொட்டியில் பெட்ரோல் நிரப்பி, அடித்ததும் பிடிக்கிற மாதிரி எல்லாம் தயார். பிடிக்காமல் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தால் கேம் மேட்டில் பூசிய பேஸ்ட் துடைத்துக்கொண்டு போகும், சிலிண்டரில் விழும் பெட்ரோல் போர் ஆயிலைக் கழுவும். பிடித்ததும் ஐடிலுக்கு விடாமல் நேராக 2000 ஆர்பிஎம். 1500-க்கும் 2500-க்கும் இடையில் ஏற்றி இறக்கி 20 நிமிஷம். இந்த இன்ஜினில் கேம் மேட்டுக்கு ஆயில் பெரும்பாலும் கிராங்க் சுழன்று தெறிப்பதில்தான் கிடைக்கிறது, ஐடிலில் தெறிப்பு போதாது. முதல் தடவை போட்டது பழைய கேம்தான் என்றாலும், பகல் முழுக்க ஐடிலில் நின்ற வண்டியில் அது மழுங்கியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ராக்கர் மூடியை எடுத்துவிட்டுப் பார்த்தோம், எட்டு புஷ்ராடும் மெல்லச் சுழன்றன. சுழலாமல் ஒன்று நின்றிருந்தால் அங்கேயே அணைத்திருப்போம்.

இங்கே ஒரு முரண் இருப்பதையும் சொல்ல வேண்டும். கேமுக்கு வேகம் வேண்டும், ரிங்குக்கு லோடு வேண்டும். நிறுத்தி வைத்து 20 நிமிஷம் ஓட்டுவது ரிங்குக்கு நல்லதல்ல. புது கேம் போட்டதால் வேறு வழியில்லை. அதனால் அந்த 20 நிமிஷத்துக்கு மேல் ஒரு நிமிஷம்கூட நின்ற இடத்தில் ஓட்டவில்லை. அணைத்து, ஆறவைத்து, ஹெட் நட்டுகளை மேனுவல் சொன்ன வரிசையில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் திரும்ப முறுக்கி, டாப்பெட் இடைவெளியைச் சரிபார்த்து, அந்த முதல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, அன்றைக்கே ரோட்டில் இறக்கினோம்.

உடுமலை ரோட்டில் வண்டி குறைவாக இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனோம். தண்ணீரும் ஆயிலும் நன்றாகச் சூடாகும் வரை சாதாரண ஓட்டம். பிறகு மூன்றாவது கியரில் 30-லிருந்து 55 வரை ஆக்சிலரேட்டரை முக்கால் பங்கு மிதித்து இழுவை, அங்கிருந்து காலை முழுசாக எடுத்துவிட்டு, கியரை எடுக்காமல் 30 வரை தானாக இறங்கவிடுவது. இதையே திரும்பத் திரும்ப. அப்புறம் டாப் கியரில் 45-லிருந்து 75. மிதிக்கும்போது வாயு ரிங்கைப் போரோடு அழுத்துகிறது. காலை எடுத்ததும் சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகி, கீழேயிருந்து கொஞ்சம் ஆயில் மேலே இழுக்கப்பட்டு, தேய்ந்த பொடியைக் கழுவிக்கொண்டு சூட்டையும் எடுத்துப் போகிறது. இரண்டுமே வேண்டும். காலை எடுத்து வேகம் குறையும்போது பிரேக் லைட் எரியாது என்பதால் பின்னால் யாரும் ஒட்டி வராத இடத்தில்தான் செய்தோம், இதைச் செய்கிற எல்லோரும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

முன்சீட்டில் மாமா கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "புது இன்ஜினைப் போட்டு இப்படி முறுக்குறியே மாப்ளே" என்றார். பின்னாலிருந்து பட்டறை அண்ணன், "ஆர்பிஎம் ஏறலீங்க ஐயா, இழுவைதானுங்க கொடுக்கறாரு" என்றார். இந்த வித்தியாசம் முக்கியம். இன்ஜினை உச்ச வேகத்தில் அலறவிடுவதும், நடுத்தர வேகத்தில் லோடு கொடுப்பதும் ஒன்றல்ல. 3500-ஐத் தாண்டவே இல்லை. டாப் கியரில் 40-க்குக் கீழே மிதிக்கவும் இல்லை. குளிர்ந்த இன்ஜினை ஒரு தடவைகூட மிதிக்கவில்லை. ஆழியாறு தாண்டி வால்பாறை மலையில் 40 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, லோடுதானே வேண்டும், அங்கே போகலாமே என்று மாமாவே பிறகு கேட்டார். வேண்டாம் என்றேன். ஏற்றத்தில் லோடு விடாமல் நீளும், நடுவில் காலை எடுத்து ஆறவிட இடைவெளி இருக்காது, காற்றோட்டமும் குறைவு. புது ரிங் அதிகச் சூட்டில் வாய் ஒட்டிக்கொண்டால் போரைக் கீறிவிடும்.

80 கிலோமீட்டரில் ஆயிலை இறக்கி, ஃபில்டரைப் பிரித்து மடிப்புகளை விரித்துப் பார்த்தோம். வெயிலில் காட்டினால் மட்டும் தெரியும் மெல்லிய மினுக்கம், சாம்பல் பசை. அது ரிங்கும் போரும் தேய்ந்த பொடி, இருக்க வேண்டியதுதான். செம்பு நிறச் செதில், காந்தத்தில் ஒட்டும் துண்டு எதுவும் இல்லை. அடுத்து 500-ல் ஒரு மாற்றம், 1500-ல் ஒன்று. இந்த 1500 வரைக்கும் மாமாவுக்குச் சொன்னது சுலபமானது: ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாதீர்கள், சிக்னலில் நீளமாக நின்றால் அணைத்துவிடுங்கள், சூடானபின் மிதிக்கப் பயப்படாதீர்கள்.

என்ன மாறியது

பூட்டிய அன்று சூட்டில் கம்ப்ரெஷன் 105 முதல் 110. 80 கிலோமீட்டரில் 120-ஐ ஒட்டி வந்தது. 500-ல் நான்கும் 125 முதல் 130-க்குள், அதன் பிறகு அசையவில்லை. அதாவது மாற்றத்தில் பெரும்பங்கு முதல் நாளிலேயே நடந்துவிட்டது, 1500 வரை காத்திருந்து மெல்ல மெல்ல வந்ததல்ல. ஆயில் மூடியைத் திறந்தால் இப்போது லேசான துடிப்புதான். 500-க்கும் 1500-க்கும் இடையில் டிப் ஸ்டிக்கில் இறங்கியது, கிராங்கின் பின்பக்கச் சொட்டையும் சேர்த்து, கால் லிட்டர்கூட இல்லை. மேட்டில் புகை நின்றுவிட்டது.

எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது

ஓட்டிய முறை மட்டும்தான் மாறியது என்று சொன்னால் அது பொய். கழுவியது மாறியது, ஆயில் மாறியது, ரிங் செட் வேறு, கேம்ஷாஃப்ட்டும் மாறியிருக்கிறது. முதல் தடவை ஹோனிங் கல் எவ்வளவு கிரிட் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியவில்லை. ரொம்ப நைஸான கல் போட்டிருந்தால் அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். கேம் மழுங்கினால் அந்த ஒரு சிலிண்டரில் இழுவை குறையும், ஆனால் நான்கு சிலிண்டரிலும் ஒரே மாதிரி ஆயில் எரிவதற்கு அது காரணமாகாது. வெறும் அழுக்குதான் காரணம் என்றால் கல்பொடி ரிங்கையும் போரையும் அரித்துத் தேய்மானத்தைக் காட்டியிருக்கும். இங்கே தேயவே இல்லாத ரிங்கும் வார்னிஷ் படிந்த போரும்தான் கிடைத்தன. லோடு இல்லாமல் ஓடியது முதல் காரணம், சிந்தெடிக் ஆயில் இரண்டாவது காரணம் என்று நான் எடுத்துக்கொள்வது இதனால்தான். இரண்டையும் பிரித்துச் சொல்ல இந்த ஒரு இன்ஜின் போதாது.

ஷோரூமிலிருந்து வரும் புது வண்டிக்கு இதை அப்படியே செய்யத் தேவையில்லை. தொழிற்சாலையிலேயே ஹோனிங்கின் கூர் முனைகளை எடுத்துவிடும் இன்னொரு கட்டம் உண்டு, ரிங்கும் அதற்கேற்ற மாதிரி வரும். அதற்கு வண்டியோடு வரும் புத்தகம் சொல்வதுதான் சரி. அந்தப் புத்தகங்களிலும், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாதே என்ற வரி பெரும்பாலும் இருக்கும், தேடிப் பாருங்கள். லேத்தில் போர் ஏற்றி, பட்டறையில் கையால் பூட்டிய இன்ஜின் அப்படியல்ல, அதில் பழக்கும் வேலை முழுக்க ஓட்டுகிறவர் காலில்தான் இருக்கிறது. முதல் நாளே லோடு கொடுக்க நேரமும் ரோடும் இல்லையென்றால், ஐடிலில் போட்டு வைப்பதைவிட இன்ஜினை ஸ்டார்ட்டே செய்யாமல் நிறுத்தி வைப்பது மேல்.

மாமா வண்டியில் இப்போது மிச்சம் இருப்பது ஒன்றுதான். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் எடுத்தால் சைலன்ஸரில் ஒரு தடவை நீலமாகப் புகை வந்து உடனே நின்றுவிடுகிறது. இழுவையில் வராமல் நின்று எடுத்தால் மட்டும் வருவதால் ரிங் மேல் சந்தேகம் இல்லை, வால்வு கைடு வழியாக இறங்கும் ஆயில் அது. ஹெட் வேலையில் வால்வு சீல் புதிதாகப் போட்டோம், கைடு பழையது. மூன்றாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் வால்வை ஆட்டிப் பார்த்தபோதே கொஞ்சம் ஆட்டம் இருந்தது. அடுத்த தடவை ஹெட்டைக் கழற்றும்போது எட்டு கைடையும் மாற்றுவதாக இருக்கிறோம்.